ஆப்பை மூடிவிட்டு போர்டுக்கு வாருங்கள்: சிங்கப்பூரில் முதல் ரேட்டிங் ஆட்டம்

கைப்பேசியில் ஆண்டுக்கணக்கில் செஸ் ஆடியவர்கள்கூட, ஆட்டத் திறனுக்குப் புள்ளி தரும் ரேட்டிங் போட்டியில் முதல் தடவை தடுமாறுகிறார்கள். காரணம் எளிது. இத்தனை நாள் ஆப் சத்தமில்லாமல் பல வேலைகளைச் செய்துகொடுத்தது. தப்பான இடத்துக்குக் காயை நகர்த்த அது விடாது. நகர்த்தினால் கடிகாரம் தானாக மாறும். ஆட்டம் முழுக்கத் தானாகப் பதிவாகும். ஒரே நிலை மூன்று தடவை வந்தால் டிரா என்று அதுவே அறிவித்துவிடும். போட்டி மண்டபத்தில் இவை எல்லாம் உங்கள் பொறுப்பு. அந்த வேலைகளைச் சொல்லித் தருவதுதான் இந்தக் கட்டுரை. எந்த ஓபனிங் (ஆட்டத்தைத் தொடங்கும் முறை) ஆடலாம் என்று கேட்டு வந்தவர்களுக்கு இதில் நான்கைந்து வரிதான் கிடைக்கும்.

2024 டிசம்பர் 12 அன்று செந்தோசாவில் சென்னையின் குகேஷ், அப்போது உலக வெற்றியாளராக இருந்த சீனாவின் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக வெற்றியாளர் ஆனார். அதற்கப்புறம் நம்மவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளுக்கும் சிலர் தங்களுக்கும் போட்டி விவரம் கேட்கிறார்கள். வயதாகிவிட்டதே என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: சிங்கப்பூரின் கெவின் கோ வெய் மிங் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே ஆடி 2020இல் சதுரங்கத்தின் உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 30ஐ நன்றாகவே தாண்டியிருந்தது.

எந்தப் போட்டியில் பெயர் கொடுப்பது

இங்கே சதுரங்கத்துக்கான தேசிய அமைப்பு, 1949இல் தொடங்கிய சிங்கப்பூர்ச் சதுரங்கச் சம்மேளனம். அதன் இணையத்தளத்தில் போட்டி விவரங்கள் இருக்கும். சமூக மன்றங்களிலும் பள்ளிகளிலும்கூடப் போட்டிகள் நடக்கின்றன. எல்லாமே ரேட்டிங் போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். அறிவிப்பில் ‘ஃபிடே ரேட்டட்’ என்று இருந்தால்தான் ஃபிடே என்னும் உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் கணக்கில் அந்த ஆட்டம் ஏறும்.

அடுத்து நேரக் கணக்கைப் பாருங்கள். ஃபிடேயில் ஸ்டாண்டர்ட், ரேப்பிட், பிளிட்ஸ் என்று மூன்று ரேட்டிங் தனித்தனியாக உண்டு. நகர்த்தலுக்குச் சேரும் நேரத்தையும் 60 நகர்த்தலுக்குக் கூட்டி, ஒருவருக்கு 10 நிமிடமோ அதற்குக் குறைவோ என்றால் பிளிட்ஸ். 10க்கு மேல், 60க்குள் என்றால் ரேப்பிட். 60ம் அதற்கு மேலும் ஸ்டாண்டர்ட். ‘90+30’ என்று போட்டிருந்தால், கையில் 90 நிமிடத்தோடு தொடங்குவீர்கள், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி சேரும் என்று பொருள். ஆட்டம் 60 நகர்த்தல் போனால் ஆளுக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் நான்கு மணி நேரம். ஒரே நாளில் அப்படி இரண்டு சுற்று வைத்தால் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது.

என் யோசனை: முதலில் ஒரு ரேப்பிட் போட்டி ஆடுங்கள். அதில் நகர்த்தலை எழுத வேண்டியதில்லை. மண்டபம், கடிகாரம், நடுவர் எல்லாம் பழகிவிடும். அதற்குப் பிறகு ஸ்டாண்டர்ட். செஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஸ்டாண்டர்ட்தான் ஆட வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெயர் கொடுக்கும்போது ஃபிடே எண் கேட்பார்கள். இல்லாதவர்கள் ஏற்பாட்டாளரிடமோ சம்மேளனத்திடமோ கேட்டால் வழி சொல்வார்கள். இந்தியாவில் பள்ளிக் காலத்தில் ஏதாவது ரேட்டிங் போட்டி ஆடியிருந்தால் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு எண் இருக்கும். ஃபிடே தளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். இன்னொரு எண் வாங்காதீர்கள், பின்னால் இரண்டையும் ஒன்றாக்குவது தொல்லை. பெயருக்குப் பக்கத்தில் இந்தியக் கொடி இருப்பதால் இங்குள்ள பொதுப் போட்டியில் ஆட முடியாது என்பதில்லை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும் என்று சில போட்டிகளில் நிபந்தனை இருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஏதாவது ஒரு சுற்றுக்கு வர முடியாது என்று முன்கூட்டியே சொன்னால் பல போட்டிகளில் அந்தச் சுற்றுக்கு ஆடாமலேயே அரைப் புள்ளி தருவார்கள், இதற்கு ‘பை’ என்று பெயர். எத்தனை சுற்றுக்கு, எதுவரை சொல்லலாம் என்பது அந்தப் போட்டியின் விதிமுறையில் இருக்கும். சொல்லாமல் வராமல் இருப்பதுதான் குற்றம். எதிரே ஒருவர் உங்களுக்காக வந்து காத்திருப்பார்.

ரேட்டிங் எப்படி ஏறும், இறங்கும்

ரேட்டிங் உள்ள ஐந்து பேரோடாவது ஆடினால்தான் முதல் ரேட்டிங் கிடைக்கும். ஒரே போட்டியில் ஆட வேண்டும் என்பதில்லை. 2024 மார்ச் முதல் 1400க்குக் கீழே ரேட்டிங் கிடையாது. கணக்கு அதைவிடக் குறைவாக வந்தால் பட்டியலில் பெயர் வராது, அவ்வளவுதான். புதுப் பட்டியல் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி வெளியாகும்.

ரேட்டிங் வந்த பிறகு நடப்பது எதிர்பார்ப்புக் கணக்கு. நீங்கள் 1500, எதிரே இருப்பவர் 1700 என்று வையுங்கள். 200 புள்ளி வித்தியாசத்தில் உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது 0.24 புள்ளி. புது ஆட்டக்காரருக்கு முதல் 30 ஆட்டம் வரை பெருக்கும் எண் 40. ஜெயித்தால் கிடைக்கும் 1 புள்ளியிலிருந்து 0.24ஐக் கழித்து 40ஆல் பெருக்குங்கள்: 30.4 புள்ளி ஏறும். டிரா என்றால் கிடைப்பது அரைப் புள்ளி, அதனால் 10.4 ஏறும். தோற்றால் 9.6தான் இறங்கும். 30 ஆட்டத்துக்குப் பிறகு பெரியவர்களுக்குப் பெருக்கும் எண் 20 ஆகிவிடும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு ரேட்டிங் 2300க்குக் கீழே இருக்கும்வரை 40 தொடரும். சின்னப் பிள்ளைகளின் ரேட்டிங் மாதத்துக்கு மாதம் தாவுவதற்கு இது ஒரு காரணம்.

அதனால் பலமானவரோடு ஜோடி விழுந்தால் முகம் சுளிக்காதீர்கள். பெரும்பாலான போட்டிகள் ஸ்விஸ் முறையில் நடக்கும். யாரும் வெளியேற்றப்படுவதில்லை, ஒரே அளவு புள்ளி வைத்திருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள். முதல் சுற்றில் மட்டும் பட்டியலின் மேல்பாதி கீழ்ப்பாதியோடு ஆடும். 60 பேர் போட்டியில் நீங்கள் 45ஆவது இடத்தில் இருந்தால் முதல் ஆட்டம் 15ஆவது ஆளோடு. முதல் சுற்றில் தோற்பது புதியவருக்குச் சாதாரணம். இரண்டாம் சுற்றிலிருந்துதான் உங்கள் போட்டி தொடங்குகிறது.

எதிரே எட்டு வயதுப் பையன் உட்கார்ந்திருந்தால்? சிங்கப்பூரில் இது அடிக்கடி நடக்கும். 2024 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தில் நடந்த ஒரு போட்டியில் கிராண்ட்மாஸ்டர் யாட்செக் ஸ்டோபாவை வென்ற சிங்கப்பூர்ச் சிறுவன் அஷ்வத் கௌசிக்குக்கு அப்போது வயது எட்டுதான். வயதைப் பார்த்து ‘விட்டுக்கொடுத்து ஆடலாம்’ என்று நினைக்கும் மாமாக்களைத்தான் இந்தப் பிள்ளைகள் முதலில் தேடுகிறார்கள்.

போட்டி நாள்

ஜோடிப் பட்டியல் பெரும்பாலும் ‘செஸ்-ரிசல்ட்ஸ்’ தளத்தில் வரும். போர்டு எண்ணையும் உங்களுக்கு வெள்ளையா கறுப்பா என்பதையும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். எத்தனை நிமிடத் தாமதம் வரை பொறுப்பார்கள் என்பது விதிமுறையில் இருக்கும். சில இடங்களில் அது பூஜ்யம். தொடங்கும் நேரத்தில் நாற்காலியில் இல்லை என்றால் தோல்வி. எம்ஆர்டி ரயில் தாமதம் என்ற காரணம் செல்லாது.

இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில், ஒரு மெல்லிய ஜாக்கெட். ஜாக்கெட்டைச் சும்மா சொல்லவில்லை. இங்கே ஏர்கான் மண்டபத்தில் நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் விரல் விறைத்துப்போகும்.

கைப்பேசியில் மிகுந்த கவனம் தேவை. ஆட்டம் நடக்கும்போது அது உங்கள் உடம்பில் இருப்பது தெரிந்தாலே, ஒலிக்காவிட்டாலும், ஃபிடே விதிப்படி தோல்வி. நடுவர் அனுமதித்தால் முழுவதும் அணைத்துப் பைக்குள் வைக்கலாம். சில இடங்களில் மேசையில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஸ்மார்ட் வாட்ச்சும் இதே கணக்குதான். அதைக் கழற்ற மறந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

போர்டின் முன்னால்

கைகுலுக்கி உட்காருங்கள். எதிரே இருப்பவரின் ரேட்டிங்கை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள், இப்போது அதை மறந்துவிடுங்கள். நடுவர் தொடங்கச் சொன்னதும் கறுப்பு ஆடுபவர் கடிகாரத்தை அழுத்துவார், வெள்ளையின் நேரம் ஓடும்.

முதல் பாடம் தொட்ட காய். உங்கள் முறையில் உங்கள் காயை வேண்டுமென்றே தொட்டால், நகர்த்த முடிகிறவரை அதைத்தான் நகர்த்த வேண்டும். எதிரியின் காயைத் தொட்டால், வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல் மேசையில் ஆடும்போது ‘இருங்க அண்ணே, வேற ஆடுறேன்’ என்று திரும்ப எடுப்போம். இங்கே அது நடக்காது. கை முந்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் யோசிக்கும்போது கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காருங்கள். பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர்கள் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள், பெரியவர்களுக்கும் பலிக்கும். காய் கோணலாக இருந்தால் நேராக்கலாம்; உங்கள் முறையில், தொடுவதற்கு முன்னால், ‘அட்ஜஸ்ட்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொட்டபிறகு சொன்னால் செல்லாது.

கேஸ்லிங் என்பது ராஜாவையும் ரூக்கையும் (தொடக்கத்தில் மூலையில் நிற்கும் காய்) ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது. அதைச் செய்யும்போது ராஜாவை முதலில் எடுங்கள், ஒரே கையால். ரூக்கை முதலில் தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலில் அந்தப் பக்கம் கேஸ்லிங் செய்ய முடியாது, ரூக்கைத்தான் நகர்த்த வேண்டியிருக்கும். இரண்டு கையாலும் செய்தால் அதுவே தவறான நகர்த்தலாக எண்ணப்படும்.

காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். அழுத்த மறந்தால் உங்கள் நேரம்தான் ஓடும். எதிரே இருப்பவர் நினைவூட்டக் கடமைப்பட்டவர் இல்லை. சிலர் நினைவூட்டுவார்கள், நல்லவர்கள்.

தவறான நகர்த்தல் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆப்பில் இது நடக்க வாய்ப்பே இல்லாததால் யாரும் இதற்குப் பழகியிருப்பதில்லை. ராஜாவுக்குச் செக் இருப்பதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திவிட்டால் அது தவறான நகர்த்தல். ஸ்டாண்டர்ட் ஆட்டத்தில் முதல் தடவை என்றால் எதிரிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாம் தடவை தோல்வி. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனதும் அதை ராணியாகவோ வேறு காயாகவோ மாற்றாமல் அங்கேயே விட்டுவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினாலும் இதே தண்டனை. பக்கத்தில் ராணி இல்லை என்றால் பதறி ரூக்கைத் தலைகீழாக வைக்காதீர்கள். நம் வீட்டில் அது ராணி, ஃபிடே விதியில் அது ரூக். கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரிடம் ராணி கேளுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. எதிரி தவறாக நகர்த்தினாலும் அப்படித்தான்: கடிகாரத்தை நிறுத்தி, கையைத் தூக்கி ‘ஆர்பிட்டர்’ என்று கூப்பிடுங்கள். பிள்ளைகள் ‘அங்கிள்’ என்று கூப்பிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நீங்களே எதிரியோடு வாதாட வேண்டாம்.

வீட்டு விதிகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் இரண்டு சிப்பாயை ஒவ்வொரு கட்டம் தள்ளுவது, சிப்பாய் எந்த வரிசையில் போய்ச் சேர்கிறதோ அந்தக் காயாக மட்டும் மாறுவது எல்லாம் தாத்தா காலத்து ஆட்டம். ‘என் பசான்’ (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை, ஒரே கட்டம் போனதுபோல் பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது) தெரியாதவர்கள் அதைப் படித்துவிட்டு வாருங்கள். எதிரி அப்படி வெட்டும்போது ஏமாற்றுகிறார் என்று கூச்சல் போட்டுவிடக் கூடாது. ‘செக்!’ என்று அறிவிக்கவும் தேவையில்லை. பக்கத்துப் போர்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எழுதுவது

ஸ்டாண்டர்ட் ஆட்டத்தில் இரு தரப்பு நகர்த்தலையும் ஸ்கோர்ஷீட்டில் எழுத வேண்டும். நீளவாக்கில் எட்டு வரிசைக்கு ஆங்கிலத்தின் முதல் எட்டு எழுத்து, குறுக்கு வரிசைக்கு, வெள்ளை ஆடுபவர் பக்கமிருந்து 1 முதல் 8 வரை எண். ராஜாவுக்குக் ‘கே’, ராணிக்குக் ‘கியூ’, ரூக்குக்கு ‘ஆர்’, மூலைவாட்டில் போகும் பிஷப்புக்குப் ‘பி’, குதிரைக்கு ‘என்’. சிப்பாய்க்கு எழுத்தே கிடையாது, கட்டத்தின் பெயர் மட்டும். ராஜாவின் முன் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் ‘இ4’. வலப்பக்கக் குதிரை வெளியே வந்தால் ‘என்எஃப்3’. காய்க்குப் பெரிய எழுத்து, கட்டத்துக்குச் சின்ன எழுத்து. பிஷப்பும் இரண்டாம் வரிசையும் ஒரே எழுத்து என்பதால் இந்த வித்தியாசத்தை விடாதீர்கள், பிறகு வீட்டில் படிக்கும்போது ஆட்டமே புரியாது.

நகர்த்திய பிறகுதான் எழுத வேண்டும். முன்கூட்டியே எழுதிவைத்து யோசிப்பது விதிக்கு எதிரானது. எதிரி நகர்த்தியதை எழுதாமலேயே பதில் நகர்த்தலாம், ஆனால் அடுத்த தடவை காயைத் தொடுவதற்குள் பாக்கியை எழுதிவிட வேண்டும். 30 விநாடி சேரும் ஆட்டத்தில் கடைசிவரை எழுதியே தீர வேண்டும். அதைவிடக் குறைவாகச் சேரும் ஆட்டத்தில், கையில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் எழுத வேண்டியதில்லை. வீட்டில் ஆப்பில் ஆடும்போதே பக்கத்தில் ஒரு தாள் வைத்து எழுதிப் பழகுங்கள். ஒரு வாரத்தில் கை தானாக எழுதும்.

நேரத்தைச் செலவழிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஓபனிங் பற்றிச் சொன்ன நான்கைந்து வரி இதோ. வெள்ளைக்கு ஒன்று, எதிரி ‘இ4’ ஆடினால் பதிலுக்கு ஒன்று, ‘டி4’ ஆடினால் பதிலுக்கு ஒன்று. மூன்று போதும். பத்து நகர்த்தல்வரை ஏன் அந்த நகர்த்தல் என்று தெரிந்தால் போதும். மனப்பாடம் செய்தது ஆறாவது நகர்த்தலிலேயே உடைந்துபோகும், ஏனென்றால் எதிரி நீங்கள் படித்ததைப் படித்திருக்க மாட்டார்.

ஆன்லைனில் ஆடி வந்தவர்களின் பெரிய வியாதி வேகம். ஆட்டம் தோல்வியில் முடியும், கடிகாரத்தில் 70 நிமிடம் மிச்சம் இருக்கும். அந்த நிமிடங்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. எதிரி ஒவ்வொரு முறை நகர்த்தியதும் இது ஏன், எதைத் தாக்குகிறது, எதைக் காப்பாற்றாமல் விட்டது என்று பார்த்த பிறகே உங்கள் திட்டத்துக்குத் திரும்புங்கள்.

செந்தோசாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தை இதற்காகவே போர்டில் வைத்துப் பாருங்கள். கறுப்பு ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், ஆனாலும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55ஆவது நகர்த்தலில் டிங் தன் ரூக்கை எஃப்2வில் வைத்து ரூக் மாற்றத்துக்கு அழைத்தார். சும்மா பார்த்தால் இயல்பான நகர்த்தல். மூலையில் நின்ற அவருடைய பிஷப்பும் இப்போது மாற்றப்படும், அதன்பின் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் கறுப்பு ஜெயிக்கும் என்பதைக் குகேஷ் பார்த்தார். ரூக்கை வெட்டி, பிஷப்பை டி5க்குக் கொண்டுவந்தார். 58ஆவது நகர்த்தலோடு டிங் ஒப்புக்கொண்டார். உலக வெற்றியாளரே சோர்ந்த நேரத்தில் இப்படித் தவறுகிறார் என்றால், 1500 ரேட்டிங்காரர் நிச்சயம் தவறுவார். நீங்கள் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முறை உங்களுடையது என்றால் நடுவரிடம் சொல்லாமல் ஆடும் பகுதியை விட்டுப் போகக் கூடாது. நகர்த்திவிட்டுக் கழிவறைக்குப் போவதே நல்லது. மற்றவர்களின் போர்டைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம், பேசக் கூடாது. நண்பர் போர்டில் தவறு நடப்பதைப் பார்த்தாலும் நடுவரிடம் மட்டும் சொல்லலாம்.

டிரா

டிரா கேட்பதற்கும் வரிசை உண்டு. முதலில் காயை நகர்த்துங்கள், பிறகு வாயால் கேளுங்கள், அப்புறம் கடிகாரத்தை அழுத்துங்கள். ஒருமுறை மறுத்தவரிடம் நகர்த்தலுக்கு நகர்த்தல் கேட்டுக்கொண்டே இருந்தால் அது தொந்தரவு, நடுவர் கண்டிப்பார். பலமான ஆள் டிரா கேட்டால் மகிழ்ச்சியில் உடனே கை நீட்டிவிடாதீர்கள். அவர் ஏன் கேட்கிறார் என்று ஐந்து நிமிடம் போர்டைப் பாருங்கள்.

ஒரே நிலை மூன்றாம் தடவை வரப்போகிறது என்றால் நீங்கள்தான் கோர வேண்டும். அந்த நகர்த்தலைக் காயால் ஆடாமல் தாளில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரைக் கூப்பிடுங்கள். ஸ்கோர்ஷீட் சரியாக இருந்தால்தான் இது நிரூபணமாகும். கோரிக்கை தவறாக இருந்தால் எதிரிக்கு இரண்டு நிமிடம் சேரும். ஐந்து தடவை வந்துவிட்டால் யாரும் கேட்காமலே டிரா.

முடிந்த பிறகு

தோல்வியை ஒப்புக்கொள்வதானால் கடிகாரத்தை நிறுத்திக் கைகொடுங்கள். ஆனால் தொடக்க நிலையில் சீக்கிரம் கைகொடுக்காதீர்கள் என்பேன். உங்கள் அளவு ஆட்டக்காரர்கள் ஒரு ராணி அதிகம் வைத்திருந்தும் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலேயே எதிரிக்கு நகர்த்த வழியில்லாமல் போய் டிரா ஆவது) செய்துவிடுவார்கள்.

முடிவை எழுதி இருவரும் ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். காய்களைத் திரும்பத் தொடக்க நிலையில் அடுக்கிவிட்டு எழுந்திருங்கள். உலகப் பட்டத்தை வென்ற நிமிடத்தில், கண்ணில் நீரோடு, குகேஷ் அதைத்தான் செய்தார்.

ஆடியவரை வெளியே கூட்டிப்போய், ‘ஒருமுறை பார்க்கலாமா’ என்று கேளுங்கள். பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். உங்களைவிட 300 புள்ளி மேலே இருப்பவர் எந்த இடத்தில் உங்கள் நிலை கெட்டது என்று இலவசமாகச் சொல்லுவார். அதையே வெளியே ஒரு பயிற்சியாளரிடம் கேட்டால் மணிக்கு நல்ல வெள்ளி (டாலர்) கொடுக்க வேண்டியிருக்கும். கணினியைத் திறப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் கணினி விடையைச் சொல்லும், எதிரே இருந்தவரோ தான் எதற்குப் பயந்தார் என்று சொல்வார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மண்டபத்திலிருந்து வெளியே வரும் பிள்ளையிடம் ‘ஜெயிச்சியா?’ என்று முதலில் கேட்காமல், சாப்பிட ஏதாவது கொடுங்கள். அடுத்த சுற்று ஒரு மணி நேரத்தில் இருக்கும்.

அன்று மாலை செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் உங்கள் முடிவு சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 1-0 என்பதும் 0-1 என்பதும் சில சமயம் மாறிப்போகும். அடுத்த சுற்றின் ஜோடி போடுவதற்குள் நடுவரிடம் சொன்னால் திருத்துவார். போட்டி முடிந்து பட்டியல் வெளியான பிறகு ஃபிடே தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டால் எந்த ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று தனித்தனியாகக் காட்டும். மேலே சொன்ன கணக்கை நீங்களே ஒருமுறை போட்டு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.